புது கீபோர்டு வேண்டாம்!

கேள்வி: கீபோர்டில் லேசாகத் தட்டினால் எழுத்தே விழுவதில்லை. அழுத்திப் பிடித்தால்தான் விழுகிறது. புதுசு வாங்கிவிடட்டுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பர்ஸை உள்ளே வையுங்கள். ஏதோ யோசனையில் வலப்பக்க ஷிஃப்டில் விரலை ஊன்றியிருப்பீர்கள். அதை 8 விநாடி பிடித்தால் விண்டோஸில் 'ஃபில்டர் கீஸ்' விழித்துக்கொள்ளும். போடட்டுமா என்று பெட்டி கேட்டிருக்கும். படிக்காமல் எண்டரைத் தட்டியிருப்பீர்கள். அப்புறம் தொட்டும் தொடாத தட்டல்களையெல்லாம் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. அதே ஷிஃப்டை மறுபடி 8 விநாடி பிடியுங்கள், அணைந்துவிடும்.

இனி வரவே கூடாதென்றால், விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, கீபோர்டு என்று போய் அதன் ஷார்ட்கட்டை அணையுங்கள். ஷிஃப்டை 5 முறை தட்டினால் வருகிற 'ஸ்டிக்கி கீஸ்' சுவிட்சும் அங்கேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் திடீரென்று பேச ஆரம்பித்தால் அது நரேட்டர். விண்டோஸ், கன்ட்ரோல், எண்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், வாயை மூடிக்கொள்ளும்.

ஆனால் பலர் கை படுகிற கம்ப்யூட்டர் என்றால் 'ஃபில்டர் கீஸ்' ஷார்ட்கட்டை விட்டுவையுங்கள். கை நடுக்கம் உள்ளவர் ஒரு 'க' தட்டப்போய் 'ககக' விழாமல் காப்பாற்றுவது இந்த வசதிதான். அவர் மெனுவெல்லாம் தேடி அலையாமல் ஒரே விசையில் போட்டுக்கொள்ளட்டும்.