நம் குரல் ஏன் போய்ச் சேரவில்லை?

கேள்வி: யூடியூப் தெளிவாக ஓடுகிறது. நான் ஆன்லைன் வகுப்பு எடுத்தால் மட்டும் "மிஸ், வாய்ஸ் உடையுது" என்கிறார்கள் பிள்ளைகள். ஒரே இணைப்புக்கு இரண்டு முகமா? (ஆசிரியை, நாமக்கல்)

பதில்: முகம் ஒன்றுதான், காதும் வாயும் வேறு. படம் பார்ப்பது டவுன்லோடு. பாடம் எடுப்பது அப்லோடு. யூடியூப் சில நொடிப் படத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். நடுவே ஒரு பாக்கெட், அதாவது தரவின் ஒரு துண்டு, தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. பேச்சுக்கு அந்த அவகாசம் இல்லை. தொலைந்த எழுத்தை இரண்டு நொடி கழித்துக் கொண்டுவந்து கொடுத்து என்ன பயன்? அதனால் தொலைந்தது தொலைந்ததுதான். ஸ்பீடு டெஸ்ட்டில் இனி இரண்டாவது எண்ணைப் பாருங்கள். வகுப்புக்கு மூன்று நான்கு எம்பிபிஎஸ் அப்லோடு தாராளம். ஆனால் அது ஆடாமல் அசையாமல் வர வேண்டும்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் திட்டம். கல்யாண வீடியோவை ஏற்றினால் 12-ஐத் தாண்டுவதில்லை. ஏமாற்றுகிறார்களா? (வீடியோகிராபர், தேனி)

பதில்: இல்லை. 100 என்பது பிட் கணக்கு, உங்கள் கணினி காட்டும் 12 பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்; 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5. முழு வேகமும் வருகிறது. 300-க்குப் பணம் கட்டியும் 95-இலேயே நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போது முதல் சந்தேகம் லேன் கேபிள் மேல்: உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடலாம்.

கேள்வி: மகன் போட்டோக்களை கிளவுடில் ஏற்ற ஆரம்பித்தால் வீடே நின்றுவிடுகிறது. அனுப்புவது அவன், எனக்கு வருவது ஏன் நிற்க வேண்டும்? (இல்லத்தரசி, கும்பகோணம்)

பதில்: இந்த வாரத்தின் தலையாய கேள்வி இது. உங்களுக்கு வரும் ஒவ்வொரு சரக்குக்கும் "வந்து சேர்ந்தது" என்று உங்கள் கருவி ஒரு ரசீது அனுப்ப வேண்டும். ரசீது போகும் பாதை அப்லோடு. அங்கே மகனின் போட்டோக்கள் வரிசை கட்டி நிற்க, உங்கள் சின்ன ரசீது கடைசியில் மாட்டிக்கொள்கிறது. ரசீது வராததால் அந்தப் பக்கம் சரக்கு அனுப்புவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

ரவுட்டர் எதையும் தூக்கிப் போடாமல் எல்லாவற்றையும் வரிசையில் சேர்த்துக்கொள்வதுதான் வினை. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பைத் துருவி இதைக் கண்டு, பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வரிசையை நீளவிடாத ஒரு முறையை வெளியிட்டார்கள். ரவுட்டர் அமைப்பில் எஸ்கியூஎம் என்ற, வரிசையை நீளவிடாத வசதி இருந்தால், அளந்து பார்த்த அப்லோடில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாகக் கொடுத்து இயக்குங்கள். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்து வீட்டு நிம்மதியை வாங்குகிறீர்கள், நல்ல வியாபாரம். அந்த வசதி இல்லையா? போட்டோக்கள் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு ஏறட்டும்.

கேள்வி: பாக்கெட் எங்கே தொலைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (மாணவர், ஓசூர்)

பதில்: மோதிரம் தொலைந்தால் முதலில் வீட்டுக்குள்தானே தேடுவோம்? பிங் கட்டளையால் உங்கள் ரவுட்டரையே நூறு தடவை தட்டிப் பாருங்கள். அங்கேயே பதில் தவறினால் குற்றவாளி வைஃபை. லேன் கேபிளைச் செருகி மறுபடி தட்டுங்கள். ரவுட்டர் வரை சுத்தம் என்றால் வெளியே 8.8.8.8 என்ற முகவரியைத் தட்டுங்கள், அங்கே தவறினால் தேடல் தெருவுக்குப் போகிறது. 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய சின்ன நிரல் இந்த பிங். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனாரின் ஒலியே அதன் பெயர். பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையில் நடுவழியில் மட்டும் நட்சத்திரக் குறி வந்தால் பதற வேண்டாம். பல ரவுட்டர்கள் சரக்கை ஒழுங்காகக் கடத்தும், நம் விசாரிப்புக்கு மட்டும் பதில் சொல்லாது. இழப்பு கடைசி இடம் வரை தொடர்ந்தால்தான் அது இழப்பு.

கேள்வி: மொபைலில் வைஃபை கோடுகள் முழுசாக இருக்கின்றன. ஆனாலும் அப்லோடு தவழ்கிறதே? (சேலம்)

பதில்: ரவுட்டர் பேசுவது மொபைலுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டுமே கோடுகள் சொல்லும். மொபைலின் குரல் பெரும்பாலும் ரவுட்டரின் குரலைவிடச் சின்னது. அது போய்ச் சேருகிறதா என்பதைக் கோடுகள் சொல்லாது. ரவுட்டரை பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே எடுங்கள்.

கேள்வி: லைன்மேன் மீட்டர் வைத்து "மைனஸ் 29" என்றார். மற்ற வீடுகளில் மைனஸ் 20-ஆம். எங்களுக்குத்தானே அதிகம்? (திருவாரூர்)

பதில்: முன்னால் மைனஸ் நிற்கிறதே! எண் பெருகப் பெருக ஃபைபரில் வந்து சேரும் வெளிச்சம் குறைகிறது. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் வெளிச்சம் பாதியாகும். 20-க்கும் 29-க்கும் இடையே மூன்று பாதிகள். பக்கத்து வீட்டுக்கு வருவதில் எட்டில் ஒரு பங்குதான் உங்களுக்கு வருகிறது. ஜிபான் வகை ஃபைபரில் மைனஸ் 27-ஐத் தாண்டினாலே பாக்கெட்டுகள் சிந்தும். கம்பி எங்காவது மடிந்திருக்கும், அல்லது முனையில் தூசி. துடைப்பது அவர் வேலை. கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்து யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம், லேசர் கண்ணைக் கெடுக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். அதே ஜிபானில் ஒரு இழை மொத்தத்துக்கும் டவுன்லோடு 2.5 ஜிபிபிஎஸ், அப்லோடு அதில் பாதி. அதை 32 அல்லது 64 வீடுகள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. அப்லோடுக்குப் பிறவியிலேயே பங்கு குறைவு.

கேள்வி: நூற்றுக்கு ஒரு பாக்கெட்தானே தொலைகிறது? (மதுரை)

பதில்: அந்த ஒன்று மற்ற 99-ஐயும் மிரட்டும். தொலைந்ததைக் கண்டால் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைச் சட்டெனக் குறைப்பதுதான் இணையத்தின் வழக்கம். காரணம் இருக்கிறது. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில், 400 கஜ தூரமே உள்ள இரண்டு நிறுவனங்களுக்கு இடையே வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. நெரிசல் புரியாமல் எல்லோரும் திரும்பத் திரும்ப அனுப்பியதே காரணம். அதன் பிறகு வந்த கட்டுப்பாடு இது. ஆனால் உங்கள் பழுதான கேபிள் தொலைப்பதையும் அது நெரிசல் என்றே நம்பி வேகத்தை இறக்கிவிடும்.

கேள்வி: புகார் செய்தால் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்கிறார்கள். என்ன செய்ய? (கடலூர்)

பதில்: பண்ணிவிட்டு, புகாருக்கான டாக்கெட் எண்ணை வாங்குங்கள். மூன்று நாள், காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும், கேபிள் செருகியே அளந்து எழுதுங்கள். இரவில் மட்டும் சரிந்தால் கூட்டம். எந்நேரமும் சரிந்தால் பழுது. இந்தத் தாளோடு பேசினால் பேச்சே மாறும். அப்படியும் தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அது உங்கள் உரிமை. 2023-இல் நம் நாட்டில் பிராட்பேண்டுக்குக் குறைந்தபட்சம் 2 எம்பிபிஎஸ் என்று வரையறுத்தார்கள். அது டவுன்லோடுக்கு மட்டும். வீட்டிலிருந்து பாடம் எடுப்பவரும் வழக்காடுபவரும் வைத்தியம் சொல்பவரும் பெருகிவிட்ட நாட்டில் இது போதாது. அதனால் அந்தத் தாளில் அப்லோடு எண்ணையும் இழப்பு சதவீதத்தையும் மேலே, பெரிதாக எழுதுங்கள்.