ஈ பிறக்கும் இடம்

? மழை தொடங்கியதிலிருந்து சமையலறையில் ஈ மொய்க்கிறது. கைக்குழந்தை இருப்பதால் ஸ்ப்ரே அடிக்கப் பயம். வீட்டுப் பொருளிலேயே வழி சொல்லுங்கள் அக்கா.
— ஓர் இளம் தாய், கோத்ருட், புனே

பயம் நியாயமானதுதான். ஆனால் முதலில் எந்த ஈ என்று பாருங்கள். சாம்பல் உடம்பு, முதுகில் நாலு கோடு, குப்பைக்கும் சோற்றுக்கும் மாறி மாறிப் பறந்தால் வீட்டு ஈ. எள்ளளவு உடம்பும் சிவந்த கண்ணுமாக வாழைப்பழத்தைச் சுற்றினால் பழ ஈ. சிங்க் பக்கத்துச் சுவரில், ரோமம் அடர்ந்த சிறகோடு அசையாமல் ஒட்டியிருந்தால் சாக்கடை ஈ. மூன்றும் பிறக்கும் இடம் வேறு, மருந்தும் வேறு.

வீட்டு ஈ ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் ஈரக்குப்பையில் இடும். புனே மழைக்காலத்துச் சூட்டில் ஓரிரு வாரத்திலேயே அவற்றுக்குச் சிறகு முளைத்துவிடும். ஆகவே குப்பைத் தொட்டிக்கு மூடி போடுங்கள், ஈரக்குப்பையைத் தினமும் வெளியே அனுப்புங்கள். ஜன்னலுக்கு வலை அடியுங்கள். சாப்பாட்டு மேஜைமேல் ஃபேனைச் சுழல விடுங்கள். ஈயால் காற்றை எதிர்த்து நின்று உட்கார முடியாது. குழந்தைக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

? பழக்கூடை முழுக்கக் குட்டி ஈ. ஹாபுஸ் மாம்பழம் வந்தாலே இந்தத் தொல்லை!
— ராஸ்தா பேட்

கடையிலிருந்து வரும் பழத்தோலிலேயே முட்டை இருக்கலாம். வந்ததும் கழுவித் துடையுங்கள். கனிந்ததை ஃபிரிட்ஜில் வையுங்கள், அடிபட்டதை அன்றைக்கே சாப்பிடுங்கள். பிறகு பொறி: ஒரு டம்ளரில் இரண்டு விரல்கடை வினிகர், அதில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு. புளித்த வாசனைக்கு ஈ வரும். சோப்பு கலந்த நீர்ப்பரப்பு அதன் எடையைத் தாங்காது, உட்கார்ந்ததும் மூழ்கிவிடும். சோப்பை விட்டுவிட்டால் குடித்துவிட்டுப் பறந்து போகும். வினிகர் இல்லையென்றால் அழுகத் தொடங்கிய வாழைப்பழத் துண்டும் வெல்லத் தண்ணீரும் போதும். வீட்டு ஈக்கு வினிகரைவிட வெல்லத் தண்ணீர்தான் பிடிக்கும்.

? தினமும் கொதிக்கும் தண்ணீரை சிங்கில் ஊற்றுகிறேன். சுவர் ஈ போகவில்லையே?
— தேஹு ரோடு

குழாயின் உட்புறம் படிந்த கொழகொழப்பான அழுக்கில் அந்தச் சாக்கடை ஈயின் புழு வாழ்கிறது. தண்ணீர் மேலே ஓடிவிடும், அழுக்கு அங்கேயே நிற்கும். நீளக் கைப்பிடி பிரஷ் வாங்கித் தேய்த்து எடுங்கள். சமையல் சோடாவும் வினிகரும் அழுக்கை இளக்கலாம், தேய்க்கும் வேலையை அவை செய்யாது. பிளாஸ்டிக் குழாய்க்குக் கொதிநீர் ஆகாது, வெந்நீர் போதும்.

? கற்பூரம், துளசி, எலுமிச்சையில் குத்திய கிராம்பு... இதெல்லாம் பலிக்குமா?
— கட்கி

கொஞ்சம் பலிக்கும், கொஞ்ச நேரம் பலிக்கும். கிராம்பு, யூகலிப்டஸ், எலுமிச்சைப்புல் எண்ணெய்களின் வாடை ஈயை விரட்டும் என்பது உண்மை. ஆனால் ஆவியாகிப் போகும் எண்ணெய் எத்தனை மணி நேரம் காவல் காக்கும்? துளசித் தொட்டி ஜன்னலில் இருக்கட்டும், அழகு. அதை மட்டும் நம்பிக் குப்பைத் தொட்டியைத் திறந்து வைக்காதீர்கள்.

கற்பூரத்தை மூடிய சமையலறையில் கொளுத்தி அந்தப் புகையைக் குழந்தை சுவாசிக்க விடவேண்டாம். வில்லையைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரலாம். கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சிங்கில் அந்துருண்டை போடுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: நாப்தலீன் நஞ்சு. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும் என்சைம் குறைபாட்டோடு அது சேர்ந்தால் இரத்த அணுக்களை உடைத்துவிடும். சமையலறையில் அதற்கு இடமே கிடையாது.

? வாசலில் தண்ணீர்ப் பை கட்டித் தொங்கவிட்டால் ஈ வராதாமே?
— ஹடப்சர்

வரும்.

? ஈ உட்கார்ந்த பண்டத்தைத் தூக்கி எறிய வேண்டுமா? 2025-இல் எங்கள் பகுதியில் பரவிய நோய்க்குப் பிறகு எதைப் பார்த்தாலும் பயம்.
— சிங்கட் ரோடு

அந்த ஜனவரியில் நரம்பைத் தாக்கும் கில்லன் பாரே நோயால் நீங்கள் பட்டது சின்னப் பாடில்லை. நோயாளிகள் சிலருடைய மலத்தில் கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியா கண்டறியப்பட்டது. குடிநீர் மீது சந்தேகம் விழுந்தது. அந்த நோய்க்கு ஈதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கிருமியைச் சுமக்கும் திறன் ஈக்கு உண்டு. டென்மார்க்கில் கோழிப் பண்ணைகளுக்கு ஈ வலை அடித்ததும் கோழிகளிடம் கேம்பைலோபாக்டர் குறைந்தது என்று ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

ஈக்குக் கடிக்கப் பல் இல்லை. எச்சிலைக் கக்கி, பண்டத்தைக் கரைத்து உறிஞ்சும். ஒரு நொடி உட்கார்ந்த சூடான சப்பாத்தியை எறிய வேண்டாம். வெகுநேரம் ஈ மொய்த்த வெட்டிய பழம், இனிப்பு, ஆறிய சோறு ஆகியவற்றைக் குழந்தைக்கும் முதியவருக்கும் கொடுக்காதீர்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

? உரத்தொட்டியில் கொழுத்த புழு நெளிகிறது. கொட்டிவிடலாமா?
— ஔந்த்

கொட்டாதீர்கள்! பழுப்பாக, தட்டையாக இருந்தால் பெரும்பாலும் அது கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. குப்பையை வேகமாகத் தின்று தீர்க்கும் நண்பன். வளர்ந்த ஈ உங்கள் சோற்றுப் பக்கமே வராது. வெள்ளையாக, அரிசிபோல் இருந்தால் வீட்டு ஈ. ஈரம் மிகுந்துவிட்டது என்று அர்த்தம். காய்ந்த இலையோ தேங்காய் நாரோ போட்டுக் கிளறி மூடுங்கள். வீட்டில் மண்புழு உரம் தயாரிக்கிறவர்களுக்குப் புனே மாநகராட்சி சொத்து வரியில் தள்ளுபடி தருகிறது, கேட்டுப் பெறுங்கள்.

? கணபதி பத்து நாளும் மோதகத்தில் ஈ!
— நாராயண் பேட்

நைவேத்தியம் முடிந்ததும் சல்லடை மூடி போடுங்கள். வாடிய பூவை அன்றன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதற்கென்று ஆற்றங்கரையில் நிர்மால்ய கலசம் வைக்கிறார்கள், ஆற்றில் போடவேண்டாம்.

? நீங்கள் வீட்டுக்குள் வைத்தியம் சொல்கிறீர்கள். எங்கள் ஊருக்கே ஈ வந்தால் என்ன செய்வது?
— புர்சுங்கி

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினேன். பல ஆண்டுகளாகப் புனே நகரம் தன் குப்பையை உருளி தேவாச்சியிலும் புர்சுங்கியிலும் கொட்டியது. நாற்றம், கெட்டுப்போன கிணறு, ஈ எல்லாம் உங்கள் பங்குக்கு வந்தன. 2017 ஏப்ரலில் அந்தக் குப்பைக் கிடங்கு தீப்பற்றியதும் நீங்கள் லாரிகளை மறித்தீர்கள். நகரத் தெருக்களில் குப்பை குவிந்தது. நீங்கள் தினமும் பார்த்த ஈயை நகரம் அப்போது சில வாரம் பார்த்தது. உங்கள் கோபத்தில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்குக் கிராம்பும் துளசியும் சொல்வது அநியாயம். வைத்தியம் நகரத்துச் சமையலறைகளில் இருக்கிறது. காய்கறித் தோலும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் கட்டிய பைதான் கிடங்கில் அழுகி ஈயைப் பெற்றெடுக்கிறது. பிரித்துக் கொடுத்த ஈரக்குப்பை உரமாகிவிடும். திடக்கழிவு விதிகளும் வீட்டிலேயே பிரிக்கச் சொல்கின்றன. வீடு வீடாக வந்து வாங்கிப்போக ஸ்வச் கூட்டுறவுப் பெண்கள் இருக்கிறார்கள். 1993-இல் சங்கம் அமைத்த குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் பின்னாளில் தாங்களே உடைமையாளர்களாக நின்று கட்டிய அமைப்பு அது. கலந்து கட்டிய பையை அவர்கள் கையால்தான் அவிழ்த்துப் பிரிக்கவேண்டும்.

கோத்ருட், ஔந்த், ராஸ்தா பேட் வாசகர்களே, 'ஓலா' (ஈரம்), 'சுகா' (உலர்ந்தது) என்று இரண்டு தொட்டி வையுங்கள். ஈரக்குப்பையின் தண்ணீரை வடித்துவிட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டாமல் காலையில் ஸ்வச் பெண்களிடம் கொடுங்கள். மாதக் கட்டணத்தைக் கேட்க வைக்காமல் கொடுங்கள்.