ஒரிஜினல் காக்கா

சலாம் சொல்லும்போது மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். இவர் முதற்பாதியை முகத்துக்கும் மிச்சத்தைக் காலுக்கும் சொல்லுவார். கைகொடுத்து எடுப்பதற்குள் உங்கள் சப்பாத்தின் கம்பனி, மொடல், புறக்கோட்டை நடைபாதையில் பேரம் பேசி வாங்கியதா, கட்டாரிலிருந்து மச்சான் கொண்டுவந்ததா என்ற விபரமெல்லாம் அவர் மனதில் பதிவாகிவிடும். ஒரே சகனில் இருந்து அவரோடு புரியாணி தின்றிருந்தாலும் உங்கள் பெயர் அவருக்கு ஞாபகம் வராது. "அண்டைக்கு வாசல்ல சாம்பல் கலர் நியூ பலன்ஸ் கழட்டி வச்சது நீங்கதானே?" என்று கேட்டுத்தான் உறவைப் புதுப்பிப்பார்.

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஊருக்கு இரண்டு பேர் அகப்படுவார்கள். மூன்றாமவர் இருந்தால் அவரை மற்ற இருவரும் சேர்ந்து 'கொப்பிக்காரன்' என்று தள்ளிவைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்து ஆளை 'ஒரிஜினல் காக்கா' என்றுதான் சின்னப் பிள்ளைகளும் கூப்பிடும். அந்தப் பட்டம் கிடைத்த இடம் பள்ளிவாசல் படி. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் காலை அவ்வளவு ஆராய்ந்த மனிதரின் காலில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ரப்பர் செருப்பு. அதிலும் ஒரு வார் ஊசிநூலால் தைத்தது. வீட்டில் பதினொரு சோடி சப்பாத்து வைத்திருப்பவர் ஏன் இப்படித் திரிகிறார் என்று கேட்டால், தப்பு ஊரின் அமைப்பில் இருக்கிறது என்பார். அதில் நியாயம் உண்டு. ஐந்து வேளை தொழுகைக்கும் கழற்ற வேண்டும். எந்த வீட்டுப் படி ஏறினாலும் கழற்ற வேண்டும். கடற்கரைப் பக்கம் போனால் கழற்றாவிட்டாலும் மணல் உள்ளே வந்துவிடும். அவருடைய சோடிகளோ, அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடுகிறவனின் கணுக்கால் பிரளாமல் இருக்கவென்று உயர்த்திச் செய்து, துளை துளையாக நாடா கோத்த சப்பாத்துகள். இகாமத் சத்தம் கேட்டபிறகு அவிழ்க்கத் தொடங்கினால் முதல் ரக்அத் போய்விடும்.

ஆனால் சுபஹ் தொழுகைக்கு அவர் பிந்தியதே இல்லை. உம்மாவுக்கு இதில் தாங்கமுடியாத பெருமை. பக்கத்து வீட்டு மகன்மாரெல்லாம் போர்த்திக்கொண்டு கிடக்கும்போது தன் மகன் மட்டும் பாங்குக்கு முன்னாலேயே எழும்பி வுழூச் செய்கிறானே என்று தெருவெல்லாம் சொல்லித்திரிவார். நேரக்கணக்கை உம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8:30க்கு என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதிச்சுற்று ஆட்டம் தொடங்கினால் ஜூன் மாதத்தில் கல்முனையில் காலை 6 மணி. தொழுது, ஒரு பிளேன்டி குடித்து, போனைச் சீனிப்போத்தலில் சாய்த்துவைக்கச் சரியாக இருக்கும். அல்லாஹ் யாரை எந்த வழியால் பள்ளிக்குக் கூட்டிவருவான் என்று சொல்லமுடியாது. இவரை ஸ்டீபன் கரி கூட்டிவந்தார்.

2022 நாட்டுக்கே கெட்ட வருடம். இவருக்கு அது இரண்டு பாதியாக வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, ஊரில் முதலில் தலையில் கைவைத்தவர் இவர்தான். அதுவரை நாணயமாற்று வீதத்தைக் காலையும் மாலையும் பார்த்துவந்தது மத்திய வங்கியும் இவரும் மட்டுமே என்று நினைக்கிறேன். பிறகு ஜூன் வந்தது. எரிபொருள் இல்லாததால் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை என்று அறிவித்தார்கள். முதல் வெள்ளி ஜூன் 17. அன்று காலைதான் கோல்டன் ஸ்டேட் அணி பொஸ்டனை ஆறாவது ஆட்டத்தில் 103-90 என்று தோற்கடித்துக் கிண்ணத்தை எடுத்தது. கரி 34 புள்ளி. நம்மாள் அரச அலுவலகமொன்றில் முகாமைத்துவ உதவியாளர். பெற்றோல் வரிசையில் ஊரே காய்ந்துகொண்டிருந்த அந்தக் காலையில் அமைச்சரவைக்கு மனதார துஆச் செய்த ஒரே கல்முனையான் அவராகத்தான் இருக்கவேண்டும்.

வீட்டுக்குள் அவர் நடத்தும் போர் வேறு. மாமிமாருக்குக் கூடைப்பந்தும் வலைப்பந்தாட்டம்தான். பந்தைத் தூக்கி வளையத்துக்குள் போடுவதைப் பாடசாலையில் பெண்பிள்ளைகள் விளையாடித்தான் அவர்கள் கண்டிருக்கிறார்கள். "இது நெட்போல் இல்ல மாமி, இதுல பின்னால பலகை இரிக்கி, பந்தைத் தட்டித் தட்டி ஓடலாம்" என்று அவர் வருடக்கணக்காக விளக்கிவருகிறார். மாமி ஒரு நாள் பொறுமை இழந்து கேட்டார்: "எங்கட பொம்பிளப் புள்ளையள் 2018லயும் 2022லயும் ஆசியக் கிண்ணம் எடுத்துக்கொண்டு வந்திச்சுகள். ஒங்கட பலகைக்காரனுகள் என்னத்தக் கொண்டுவந்த?" அதற்குப் பிறகு மாமி வீட்டில் அவர் பலகையைப் பற்றிப் பேசுவதில்லை.

தேத்தண்ணிக் கடையில் பேசினார். அது இதைவிட மோசமாக முடிந்தது. கிரிக்கெட் பேச்சுக்கிடையில் ஒரு பெருமூச்சு விட்டு, "என்ன இரிந்தாலும் ஹக்கீமப்போல ஒரு ஆள் இனிப் பொறக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டார். கல்முனையில் ஹக்கீம் என்றால் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ஒருவர்தான். மேசை இரண்டாகப் பிரிந்தது. மரச் சின்னத்துக்குப் பரம்பரையாகப் புள்ளடி போடும் இரண்டு பேர் எழுந்துவந்து இவருக்குக் கைகொடுத்தார்கள். மூலையில் இருந்தவர், முன்னைய தலைவர் அஷ்ரஃப் சேரோடு எல்லாம் போய்விட்டது, இனி என்ன ஹக்கீம் என்று றோல்ஸைப் பாதியில் வைத்தார். "எந்தப் பக்கமும் அவர மடக்க ஏலா, இந்தப் பக்கம் போறமாதிரிக் காட்டி அந்தப் பக்கம் திரும்பிருவாரு" என்று நம்மாள் மெய்மறந்து தொடர, அதை இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டது. எதிர்த்தரப்பு இன்னும் பலமாக ஒப்புக்கொண்டது. "ஏழு அடி ஒசரம்" என்று அவர் சொன்ன பிறகுதான் சந்தேகம் வந்தது.

அவர் சொன்னது ஹக்கீம் ஒலாஜுவோனை. நைஜீரியாவில் பிறந்து, ஹூஸ்டன் ரொக்கெட்ஸுக்கு 1994இலும் 1995இலும் கிண்ணம் எடுத்துக்கொடுத்த ஆள். 1995 பெப்ரவரியில் ரமழான் வந்தது. பகலெல்லாம் நோன்பு பிடித்துக்கொண்டு ஆடி, அந்த மாதத்தின் சிறந்த வீரராகத் தெரிவானார். இதைக் கேட்டதும் கடை முழுக்க மாஷா அல்லாஹ். அத்தோடு நிறுத்தியிருந்தால் தப்பியிருப்பார். அந்த ஹக்கீம் தன் பெயரில் வந்த சப்பாத்தை 35 டொலரளவில்தான் விற்கவைத்தார், ஏழைத் தாய் ஒருத்தி நூற்றுக்கு மேல் கொடுத்துப் பிள்ளைக்கு எப்படி வாங்குவாள் என்று கேட்டவர் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவருடைய வாப்பா பக்கத்து மேசையில் இருந்ததைக் கவனிக்கவில்லை. வாப்பா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நீ ஏன் மனெ அந்த மனிசன்ட சப்பாத்த வாங்காம மத்தவன்ட சப்பாத்த வாங்குற?" இன்றுவரை இதற்குப் பதில் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இவரைப் பைத்தியம் என்று ஒதுக்கமுடியாமல் செய்வது மட்டக்களப்புப் பயணம். வடக்கே நாற்பது கிலோமீற்றர் அளவில் பஸ் ஏறினால், கூடைப்பந்து எப்போதோ வந்து வேரூன்றிவிட்ட ஊர் அது. புனித மைக்கேல் கல்லூரி வளவுக்குள் பையன்கள் பந்தைத் தட்டும் சத்தத்தைக் கேட்க மட்டும் இவர் போய்வருவார். லூசியானாவில் பிறந்து 1948இல் இலங்கைக்கு வந்த யேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் தலைமுறை தலைமுறையாகப் பையன்களை இந்த ஆட்டத்தில் பழக்கியவர். வெபர் மைதானத்துக்குப் பெயர் கொடுத்த ஹரல்ட் வெபரும் அதே சபைக்காரர்தான். ஹேபர்ட் அடிகளாரின் பழைய படங்களைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கி, காலில் என்ன போட்டிருக்கிறார் என்று நம்மாள் தேடியிருக்கிறார். அங்கி மறைக்கிறதாம். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் அடிகளாரும் அவரோடு வந்த பேர்ட்ரம் பிரான்சிஸ் என்ற இளைஞரும் காணாமல்போனார்கள். போர்க்காலத்தின் அந்த ஆகஸ்ட் மாதம் எப்படிப்பட்டது என்று எங்கள் கரையில் எந்தச் சமூகத்துக்கும் யாரும் விளக்கத் தேவையில்லை. இந்தக் கதையை அவர் என்னிடம் சொன்னபோது ரப்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சரி, பதினொரு சோடிக்கு வருவோம். அவை அலுமாரிக்கு மேலே, பெட்டியோடு, பெட்டிக்குள் கடதாசியோடு இருக்கின்றன. மருந்துப் போத்தல்களிலும் புதுக் கைப்பைகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உறவினர் வட்டத்தில் யாரும் வீசக்கூடாது. இவருக்கு எடுத்துவைக்க வேண்டும். பெருநாளுக்கு இவர் பரிசாக எதிர்பார்ப்பதும் அதைத்தான். எதிரி காற்று. உப்புக்காற்று ஒரு பக்கம், நவம்பரில் தொடங்கும் மாரியின் ஈரம் மறுபக்கம். சில சப்பாத்துகளின் நடு அடி பொலியூரித்தேனால் ஆனது. காற்றின் ஈரம் உள்ளே போய் அந்தப் பொருளை மெல்ல மெல்ல உடைக்கும். போட்டு நடந்தால் ஓரளவு தாங்குமாம். பெட்டிக்குள் பூட்டி வைத்தால் சத்தமில்லாமல் உளுத்துப்போகும். அவரிடம் ஒரு ஜோர்டன் 4 இருந்தது. கொழும்பில் கைமாறி வாங்கியது. ஒரு தங்கச்சியின் கலியாணம், இரண்டு நோன்புப் பெருநாள், ஒரு பதவி உயர்வு எல்லாவற்றுக்கும் போடாமல் பாதுகாத்தார். கடைசியில் மச்சானின் வலீமாவுக்கு என்று எடுத்துப் போட்டு, வாசலிலிருந்து மண்டபம் வரை நடந்தார். வழியெல்லாம் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கிறது. பின்னால் வந்த சின்னப் பிள்ளைகள், இவர் சட்டைப்பையில் வைத்த கேக் உதிர்கிறது என்று நினைத்துப் பொறுக்கியதாகச் சாட்சி உண்டு.

இப்போது பள்ளிவாசல் படி. ஒரு ஜும்ஆ நாள். தொழுது முடிந்து எல்லோரும் செருப்புத் தேடும் நெரிசலில், ஒரு ஓரமாக ஒரு சோடி ஜோர்டன் 1, சிவப்பும் கறுப்பும். நம்மாளுக்குச் சுற்றியிருந்த சனம் மறைந்துவிட்டது. குனிந்து ஒரு காலைத் தூக்கினார். நாக்கை விரித்து உள்ளே தைத்திருக்கும் எண்ணைப் பார்த்தார். தையலை நகத்தால் கீறினார். பிறகு மூக்கருகே கொண்டுபோய், பசையின் வாசம் பிடிக்க, நீளமாக மோந்தார். மோதினார் அவருடைய கையைப் பிடித்தது அந்த நேரத்தில்தான்.

அந்த மாதத்தில் ஏற்கனவே சில சோடிகள் காணாமற்போயிருந்தன. கூட்டம் கூடியது. மரைக்கார் ஒருவர் விசாரணைக்கு வந்தார். "களவெடுக்கல்ல காக்கா, ஒரிஜினலாண்டு பாத்தன்" என்றார் நம்மாள். அதுவே போதுமான வாக்குமூலம் என்று கூட்டம் கருதியது. கள்ளனும் அதைத்தானே முதலில் பார்ப்பான். தன்னைக் காப்பாற்ற அவர் சப்பாத்தின் சரித்திரத்தைச் சொல்லத் தொடங்கினார். 1985இல் மைக்கல் ஜோர்டன் இந்த நிறத்தில் போட்டு ஆட, அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம் தடை செய்தது, ஆட்டத்துக்கு 5000 டொலர் தண்டமாம், அதை நைக்கிக் கம்பனியே கட்டியதாம். (அந்தத் தடைக் கடிதம் இந்தச் சப்பாத்துக்கு வந்ததல்ல, அதற்கு முன் போட்ட எயார் ஷிப் என்ற இன்னொன்றுக்கு வந்தது என்று சேகரிப்பவர்களுக்குள் பெரிய சண்டை இருக்கிறது. பள்ளிவாசல் படியில் அந்த நுணுக்கம் எடுபடாது.) அமெரிக்கா தடை செய்தது என்ற சொல் காதில் விழுந்ததும் கூட்டத்தில் இரண்டு பேருக்குச் சப்பாத்தின்மேல் ஓர் அனுதாபம் பிறந்ததை நான் கண்ணால் கண்டேன்.

இதற்குள் சொந்தக்காரர் வந்துவிட்டார். கட்டாரிலிருந்து லீவில் வந்த இளந்தாரி. நல்ல பொடியன். "பரவால்ல உடுங்க, பாக்கத்தானே எடுத்தாரு" என்று மன்னித்தும்விட்டான். விஷயம் அங்கே முடிந்திருக்கும். மோதினார் சும்மா இருக்காமல், "அப்ப என்ன தம்பி, ஒரிஜினல்தானா?" என்று கேட்டுவிட்டார். நம்மாளுக்குப் பொய் வராது, பள்ளிவாசல் படியில் வேறு நிற்கிறார்.

"கொப்பி" என்றார்.

களவுக் குற்றச்சாட்டில் சிரித்துக்கொண்டிருந்த பொடியன் இதைக் கேட்டுக் கையை ஓங்கினான். பிடித்து விலக்க நாலு பேர் தேவைப்பட்டது. அடுத்த வாரத்திலிருந்து ஊரில் யார் வெளிநாட்டிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும், மணிக்கூடு, அத்தர், போன் எதுவானாலும், ஒரிஜினல் காக்காவிடம் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறார்கள். அத்தர் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் மோந்து பார்க்கிறார்.

போன வருடம் கலியாணம் பேசி வந்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார், வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, காசு வேண்டாம், நகை வேண்டாம், காணி வேண்டாம், ஈரம் அண்டாத ஓர் அறை மட்டும் போதும் என்றார். பெண்ணின் வாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் சீதனம் கேளாத மாப்பிள்ளை, அதுவும் ஓதவும் வணங்கவும் தனியறை கேட்கிறார் என்று ஊரெல்லாம் சொன்னார். அறைக்குச் சீலிங் அடித்து, தரைக்கு டைல்ஸ் பதித்து, யன்னலுக்கு ரப்பர் பட்டியும் போட்டுக்கொடுத்தார். கலியாணம் முடிந்த மறுநாள் லேண்ட்மாஸ்டரில் பெட்டிகள் வந்து இறங்கின. உளுத்த ஜோர்டன் 4இன் பெட்டியும் அதில் இருந்தது.

புதுவருடத் தவணைக்குப் பாடசாலை தொடங்க இன்னும் இரண்டு நாள். மாலையாகுமுன் பக்கத்து வீட்டுப் பெண்கள் கேற்றடியில் நின்றார்கள். மாமி போய் விசாரித்துவிட்டு, வாசலில் நின்றே உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்: "மருமகன், புள்ளைக்கு வெள்ளக் கென்வஸ் ரெண்டாம் நம்பர் கேக்காங்க. கெடக்கா?"