ஹெப்பகோடிப் புறனடை: கேளாமலே பேசும் விதி குறித்த ஓர் ஆராய்ச்சி

எக்ஸ்எம்எல் கோப்பை வேறு உருவுக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி மொழியில், நாம் எழுதாத விதிகளும் வேலை செய்யும். ப்ரோகிராமர்கள் இதைப் பட்டறிந்தவர்கள். ஆயினும் இக்கொள்கை ஹெப்பகோடி வட்டாரத்துக்குரியது என்று நிறுவ இதுவரை எவரும் முன்வராதது வருந்தத்தக்கது.

சான்று வருமாறு. பவணந்தி முனிவரை நன்னூல் செய்யுமாறு வேண்டிய சீயகங்கன், கோலாரைத் தம் மூலநகராகக் கொண்டாடிய கங்கர் மரபினன். சொல்லாமல் விட்டதையெல்லாம் அடக்கிக்கொள்ளப் புறனடைச் சூத்திரம் ஒன்று போட்டுவைப்பது நம் இலக்கண நூலார் வழக்கம். கோலாரிலிருந்து கிளம்பினால், ஓசூர் சாலை நெரிசலையும் சேர்த்து, அரை நாளில் ஹெப்பகோடி வந்துவிடும். 1999 நவம்பர் 16 அன்று வெளியான எக்ஸ்எஸ்எல்டி 1.0இன் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் கிளார்க் நன்னூல் கற்றவர் என்பதை இன்றுவரை யாரும் மறுத்ததில்லை. நம் ஆய்வுலகில் இதற்கு மேல் சான்று கேட்பது மரியாதையன்று.

இனிக் களம். 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மஞ்சள் தட மெட்ரோவில் பொம்மசந்திராவுக்கு முந்தைய நிலையம் ஹெப்பகோடி. சுற்றிலும் தொழிற்பேட்டை, எனவே மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு. மாதிரிக்கு ஒன்று, இடைவெளியின்றி ஒரே வரியில்:

<ஊழியர் எண்="17"><!--அட்வான்ஸ் பாக்கி--><பெயர்>முருகன்</பெயர்><சம்பளம்>41000</சம்பளம்><பிஎஃப்>1800</பிஎஃப்></ஊழியர்>

பெயரைத் தடித்த எழுத்தில் காட்ட ஒரே ஒரு டெம்ப்ளேட், அதாவது விதி, எழுதி ஓட்டினோம். வந்தது: முருகன்410001800. கண்ணை ஓட்டிப் பார்த்தால், முருகனுக்கு மாதம் 41 கோடியே 1,800 ரூபாய்.

எழுதாத விதி செய்த வேலை இது. டெம்ப்ளேட் இல்லாத எலிமென்ட் வந்தால், அதன் பிள்ளைகளிடம் போ என்கிறது உள்ளமைந்த விதி. எழுத்து கிடைத்தால் அப்படியே கொட்டு என்கிறது. குறிப்புரைக்கு வாய்ப்பூட்டு. ஆகவே அட்வான்ஸ் பாக்கி தப்பித்தது. சம்பளம் ஊருக்குத் தெரிந்தது.

17 என்ற எண் எங்கே போயிற்று? இங்குதான் உரையாசிரியர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வர். 17 இருப்பது அட்ரிபியூட்டில். அட்ரிபியூட்டுக்குத் தாய் அது நிற்கும் எலிமென்ட்தான். ஆனால் அந்தத் தாய்க்கு அட்ரிபியூட் பிள்ளை அல்ல. தரநூலே இப்படித்தான் சொல்கிறது. பிள்ளைகளை மட்டும் கூப்பிடும் விதி, படியில் நிற்கும் இதைக் கண்டுகொள்வதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் உடனே பேசும். சொத்து வழக்குகளில் இதைவிடச் சிக்கலான உறவு இருக்கலாம். எமக்குத் தெரிந்து கணினியில் இல்லை.

மருந்து குறித்து இரு கட்சிகள் உண்டு. வாயடைப்போர் கட்சி, எழுத்துக் கணு (டெக்ஸ்ட் நோட்) அனைத்துக்கும் பொருந்தும் ஒரு வெற்று டெம்ப்ளேட்டை எழுதிவைக்கும். எழுதிய விதி எதுவானாலும் உள்ளமைந்த விதியை வெல்லும். எனவே கூச்சல் அடங்கும். ஆனால் பெயருக்கான டெம்ப்ளேட்டினுள் மதிப்பை நேராக எடுக்காமல் மறுபடி டெம்ப்ளேட்டுகளை ஏவியிருந்தால் முருகனும் காணாமல் போவான்; தடித்த எழுத்துக்கான டேக் மட்டும் காலியாக நிற்கும். இன்னொன்று: டெம்ப்ளேட்டுகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கும் மோடு ஒவ்வொன்றுக்கும் உள்ளமைந்த விதி தனித்தனியே உண்டு. ஒரு மோடில் அடைத்த வாய் அடுத்ததில் திறக்கும்.

படியெடுப்போர் கட்சி நேர்மாறு. கண்டதையெல்லாம் அப்படியே நகலெடுக்கும் ஒரு டெம்ப்ளேட், மாற்ற வேண்டியதற்கு மட்டும் தனி டெம்ப்ளேட். பிஎஃப் எலிமென்ட்டை மட்டும் நீக்க வேண்டுமென்றால் 1.0இல் இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. எம் சாய்வும் இந்தப் பக்கமே.

2017 ஜூனில் வந்த 3.0 பதிப்பு இரு கட்சியையும் வேலையிழக்கச் செய்தது. மோடை அறிவிக்கும் வரியிலேயே, விதி இல்லாதபோது என்ன செய்வது என்று ஆறில் ஒன்றைச் சொல்லிவிடலாம்: மேலோட்ட நகல், ஆழ்ந்த நகல், மேலோட்டத் தாண்டல், ஆழ்ந்த தாண்டல், பழையபடி எழுத்தை மட்டும் கொட்டல், அல்லது பிழை என்று கத்தி நின்றுவிடல். முருகன் சீட்டுக்கு உகந்தது மேலோட்டத் தாண்டல். அதே கோப்பில் ஆழ்ந்த தாண்டலை இட்டால் 'ஊழியர்' என்ற வாசலிலேயே திரும்பிவிடும். பெயரும் வராது, சம்பளமும் வராது. கணக்குப் பிரிவினர் இதை விரும்பக்கூடும் என்பது எம் கருதுகோள்.

ஒன்றுமே சொல்லாவிட்டால் 3.0இலும் பழைய புறனடைதான். ஆறாவது வழியான கத்தலைச் சோதனை ஓட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். மாதக் கடைசி ஓட்டத்தில் வைத்தால், சீட்டு வராத ஊழியர்கள் கத்துவது தனி ஆய்வுப் பொருள். அதற்கு நிதி கோரி விண்ணப்பித்துள்ளோம்.