பத்து சென்டிமீட்டர் வாழ்க!

வா பேராண்டி, உக்காரு. அத்திப்பள்ளிப் பட்டறைக்கு கேட் டிராயிங் ஃபைலை மெயில்ல தட்டி விட்டுட்டியாமே? சபாஷ்! சிம்பல் ஃபாண்டைச் சேர்த்து அனுப்பலையாம். ரொம்ப நல்லது. 1980ல லேலண்டு ஓசூருக்கு வந்ததிலிருந்து இந்தப் பக்கம் எத்தனையோ குடும்பம் பிழைக்குது; ஸ்கிராப் எடுக்கிறவன் மட்டும் பிழைக்க வேணாமா?

நீ திரையில பார்க்கிறியே விட்டக் குறி, வட்டத்துல குறுக்குக் கோடு, அது ஃபைலுக்குள்ள வெறும் சின்ன 'என்'. பொசிஷன் குறி ஒரு 'ஜே'. வட்டத்துக்குள்ள எம் போடுறியே, அதிகபட்ச மெட்டீரியல் நிலைன்னு, அதுவும் சின்ன 'எம்'தான். ஜிடிடிங்கிற அந்த சிம்பல் ஃபாண்ட்தான் இதுகளுக்கு வேஷம் கட்டி விடுது. பட்டறையில வேற சாஃப்ட்வேர், அந்த ஃபாண்ட் இல்லைன்னா, கைக்குக் கிடைச்ச சிம்ப்ளக்ஸைப் போட்டுத் திறக்கும். வேஷம் கலைஞ்சுது.

விட்டம் 20ங்கிறது 'என் 20' ஆயிடும். பட்டறைப் பையன் இருபது பீஸ்னு படிப்பான். அதுகூடப் போகட்டும். பொசிஷன் டாலரன்ஸ் 0.1, பக்கத்துல எம் போட்டியே, அது அங்கே '0.1 எம்'. நீ குடுத்தது மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு. அவன் படிக்கிறது பத்து சென்டிமீட்டர். இவ்வளவு தாராளமா டாலரன்ஸ் குடுத்த மகராசன் இந்த சிப்காட்ல வேற எவன் இருக்கான்?

"ஐஎஸ்ஓ 1101 குறிதானே தாத்தா, உலகத்துக்கே தெரியுமே"ங்கிறே. தெரியும், தெரியும். உன் ஃபாண்ட்தான் ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டலை.

உங்கப்பனைக் கேளு. பாமினி ஃபாண்ட்ல கல்யாணப் பத்திரிகை அடிச்சு அடுத்த கடைக்குக் கொண்டுபோனா, மாப்பிள்ளை பேரு இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா நிக்கும். யூனிகோட் வந்துதான் அந்த வம்பு தீர்ந்துது. அதுல உன் குறிகளுக்கும் இடம் இருக்குது: விட்டத்துக்கு 2300, பொசிஷனுக்கு 2316. என்ன, அந்த எண்ணுக்கு உருவம் வரைஞ்சு வெச்சிருக்கிற ஃபாண்ட் அங்கேயும் வேணும். எல்லா ஃபாண்ட்லயும் கிடையாது.

ஸ்கிராப்காரன் மேல பாசம் குறைஞ்சுபோச்சுன்னா, பிடிஎஃப் ஒண்ணு சேர்த்து அனுப்பு. கேட் ஃபைல்தான் வேணும்னு நின்னா, இ-டிரான்ஸ்மிட்ல ஃபாண்ட்ஸ் டிக் பண்ணு. இப்போதைக்குப் போனை எடுத்து, "அண்ணா, இருபதுக்கு முன்னாடி என்ன தெரியுது?"ன்னு கேளு. 'என்'னுன்னு சொன்னா, மெட்டீரியல்ல கையை வைக்க வேணாம்னு சொல்லு.