பசி: தேவையான அளவு

நல்லூர்த் தேர் இருப்புக்குத் திரும்பியதும் வன்னிக்கு ஒரு வரத்துத் தொடங்கும். மாரிப் பறவைகள் வர இன்னும் இரண்டு மூன்று மாதம் கிடக்கும். அதற்கு முன்னர் வருபவர் குறிப்பக்கா.

குறிப்பக்கா என்பது ஒரு ஆளில்லை, ஒரு இனம். ரொறன்ரோவிலிருந்து வரலாம், லண்டனிலிருந்து வரலாம், வெள்ளவத்தையிலிருந்தும் வரலாம். சில வருடங்களில் மீசையோடும் வந்திருக்கிறார். அப்போதும் எங்களுக்கு அவர் குறிப்பக்காதான். உலகத்துப் பசியைப் பற்றி ஒரு விழிப்புணர்வு உண்டாக்க வேண்டும், அதற்கு ஒரு சமையற் புத்தகம் போட வேண்டும், அதை ஒக்டோபர் 16இல் உலக உணவு தினத்தன்று வெளியிட்டு வருகிற காசைப் பசித்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இதுதான் அவருடைய திட்டம். குறிப்புகள் போரால் பாதிக்கப்பட்ட பெண்களிடமிருந்து வந்தால் விசேஷம். ஆகவே ஏ9 வீதியில் வான் பிடிக்கிறார்.

கிளிநொச்சியில் முதல் வேலையாக, மாகாண விவசாயத் திணைக்களத்தின் 'அம்மாச்சி' உணவகத்தில் வான் நிற்கும். அங்கே பெண்கள் கண்ணுக்கு முன்னால் சுட்டுப்போடும் தோசையும் உழுந்து வடையும் சாப்பிட்டு, இலைக்கஞ்சியும் குடித்து, வழிக்கு எள்ளுருண்டையும் வாங்கிக்கொண்டுதான் பசியைத் தேடி உள்ளே இறங்குவார். வெறும் வயிற்றோடு போய்ப் பார்க்கக்கூடிய பொருளா பசி?

அவருடைய எண்ணத்தை நான் பகிடி பண்ண மாட்டேன். அதற்குப் பெரிய வம்சம் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயப்பட்ட படைவீரர்களுக்காக 1864இல் பிலடெல்பியாவில் நடந்த கண்காட்சியில் மரியா மொஸ் என்ற பெண்மணி ஒரு சமையற் புத்தகத்தை விற்றார். தருமத்துக்காக அச்சான சமையற் புத்தகங்களுக்கு அதைத்தான் மூத்தபிள்ளை என்பார்கள். எங்களுக்குக் கிட்டவும் உதாரணம் உண்டு. அவுஸ்திரேலியாவிலிருந்து இயங்கும் பால்மேரா என்ற தொண்டு அமைப்பு, இலங்கைப் பெண்களின் குறிப்புகளையும் அவர்களுடைய கதைகளையும் சேர்த்து 'ஹேண்ட்மேட்' என்று அழகான புத்தகம் போட்டது. அதிலே சமைத்தவளும் தெரிகிறாள், சமைத்ததும் தெரிகிறது. குறிப்பக்கா அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். படங்களைப் பார்த்துவிட்டு வருகிறார் என்று திருத்திச் சொல்லலாம்.

கைப்பையில் அவர் கொண்டுவரும் பொருட்கள்: ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அளவுக் கோப்பைகள், கிராம் காட்டும் மின் தராசு, வெயிலுக்குப் பூசும் களிம்பு, குரலைப் பதிகிற கைபேசி. எங்கள் பக்கத்து அடுப்படியில் இருப்பது ஒரு சுண்டு. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் சங்கதி இருக்கிறது.

"அரிசி எவ்வளவு ஆச்சி?"

"ரெண்டு சுண்டு போடு பிள்ளை."

"சுண்டு எண்டால் எத்தினை கிராம்?"

ஆச்சி தராசைப் பார்ப்பார். தங்கம் நிறுக்க வந்தவளோ என்று ஒரு சந்தேகம் முகத்தில் போய் வரும். "அது தலை தட்டின சுண்டோ, கும்பச் சுண்டோ எண்டதைப் பொறுத்தது."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஆக்கள் வந்தால் கும்பம். நாங்கள் மட்டும் எண்டால் தட்டினது."

குறிப்பக்கா எழுதிக்கொள்வார். நல்ல மாணவி.

"மாசக் கடைசியில எண்டால், சுண்டுக்குள்ள பெருவிரலை விட்டுக்கொண்டு அளக்கிறது. பாத்தால் ரெண்டு சுண்டுதான். உலைக்குத்தான் தெரியும்."

இந்த இடத்தில் பேனை நின்றுவிடும். பெருவிரலுக்குக் கிராம் கண்டுபிடிக்க அந்தத் தராசில் வசதி இல்லை. புத்தகத்தில் 'அரிசி: 400 கிராம்' என்று வரும். பொருளியல் வாத்திமார் வகுப்பெடுக்கக்கூடிய அந்த விரலை யாரும் அச்சில் காணப் போவதில்லை.

அடுத்த கேள்வி அதைவிடச் சிக்கல்.

"இது எத்தினை பேருக்குக் காணும்?"

"எத்தினை பேர் இருக்கினம்?"

"இல்லை ஆச்சி, பொதுவா."

"பொதுவா எண்டால் இருக்கிற ஆக்களுக்குக் காணும். காணாட்டித் தண்ணியை விடுறது."

சொதி என்ற கறியின் முழு வரலாறும் அந்தக் கடைசிச் சொல்லில் அடங்கும். தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டிய 2025இல், முதற்பாலும் கப்பிப்பாலும் பிழிந்த பிறகு மூன்றாம் தரம் நாலாம் தரம் பிழிந்த பூவுக்கும் வீட்டில் வேலை கொடுத்தார்கள். குறிப்பக்காவின் புத்தகத்தில் சொதிக்கு 'கட்டித் தேங்காய்ப்பால் 2 கோப்பை'.

இவ்வளவும் நடக்கும்போது ஒரு கோழி காணாமல் போயிருக்கும். காலையில் முற்றத்தில் மேய்ந்தது. 'ஆக்கள் வந்திருக்கினம்' என்று ஆச்சி மகளுக்குக் கண்ணால் காட்டியபோதே அதன் விதி எழுதியாகிவிட்டது. சாப்பாடு பரிமாறப்படும் வேளையில் குறிப்பக்கா கையை எடுத்து மறிப்பார்.

"இல்லை ஆச்சி, இப்ப நான் சாப்பிட மாட்டன். ஒரு நாளைக்குப் பதினாறு மணித்தியாலம் சாப்பிடாமல் இருக்கிறன்."

ஆச்சியின் கையில் அகப்பை அப்படியே நிற்கும். "ஐயோ, என்ர பிள்ளை! அங்கயும் தட்டுப்பாடோ?"

"தட்டுப்பாடில்லை ஆச்சி, உடம்புக்கு நல்லதெண்டு டொக்டர் சொன்னவர்."

"சொல்லாட்டியும் நாங்கள் இருந்தனாங்கள் பிள்ளை. உடம்புக்கு ஒண்டும் நல்லதாப் படேல்லை." பிறகு, பாவம், காசில்லாததை மறைக்கிறாள் என்று எண்ணி இரண்டு துண்டு கூடப் போடுவார். குறிப்பக்கா மறுத்துப் பார்த்துத் தோற்று, தொடைக்காலையும் ஈரலையும் சாப்பிட்டு முடிப்பார். அந்த வீட்டில் அன்று பசி கிடந்தவர் அவர் ஒருவர்தான். அதையும் ஆச்சி தீர்த்துவிட்டார்.

படம் எடுக்கும் கட்டம் தனிக் கூத்து. ஆச்சியிடம் காஸ் அடுப்பு இருக்கிறது, றைஸ் குக்கர் இருக்கிறது, அலுமினியச் சட்டி இருக்கிறது. கமராவுக்கு இதில் ஒன்றும் ஆகாது. மூன்று கல்லு வைத்த அடுப்பு வேண்டும், மண்சட்டி வேண்டும், புகை வேண்டும். 2022இல் காஸுக்கு வரிசையில் நின்று வராமல் போய், பிறகு விறகுப் புகையில் இருமி, கடைசியில் பாடுபட்டு மீண்டும் கொண்டுவந்த அடுப்பைச் சாக்குப் போட்டு மூடச் சொல்வார்கள். நீலப் பிளாஸ்டிக் வாளி வெளியே போகும். மண்சட்டி பக்கத்து வீட்டிலிருந்து வரும். அந்த வீட்டில் அதிலே கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்தார்கள்.

"ஆச்சி, உந்தச் சோயாமீற் பைக்கற்றையும் ஒருக்கா ஒளிச்சு வையுங்கோ."

"ஏன் பிள்ளை, அதைத்தானே நாளாந்தம் சமைக்கிறம்?"

"அது பாரம்பரியம் இல்லை ஆச்சி."

எது பாரம்பரியம் என்பது எங்கள் பெண்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஒரு வானில் வருபவருக்கு ஒடியற்கூழ் சொன்னால் முகம் மலர்கிறது என்று ஒரு வீடு கண்டுபிடித்தால் அடுத்த வானுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். சேர்ந்த குறிப்புகளில் பாதி ஒடியற்கூழாகப் போய்விடுகிறது. நண்டும் இறாலும் திருக்கையும் போட்டு, பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டு, பழப்புளியும் செத்தல் மிளகாயும் கரைத்துச் சொல்வார்கள். சொல்லுகிற வாயிலே எச்சில் ஊறும். கடைசியாக எப்போது காய்ச்சினீர்கள் என்று நான் கேட்டால், நந்திக்கடல் இறால் விலையைக் கேட்டுப் போட்டு வா என்று என்னைத்தான் துரத்துவார்கள்.

ஐயாமாரும் சும்மா இருக்க மாட்டார்கள். குரலைத் தாழ்த்தி மரை வத்தல் குறிப்பொன்று தருவார்கள். தேனில் ஊறப்போட்ட இறைச்சியின் ருசியைச் சொல்லும்போது கண் மூடும். "எங்க வாங்கலாம் அண்ணை?" என்று குறிப்பக்கா கேட்டதும் கண் திறக்கும். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மிருகம் அது. புத்தகத்தில் அது 'வான்கோழி வத்தல்' ஆகிவிடும். மழை விழுந்ததும் வேலியில் படரும் முசுட்டை, பஞ்ச காலத்தில் எத்தனை சட்டியை வறையாக நிரப்பியது! அது வெளிநாட்டில் கிடைக்காதபடியால் கேல் கீரை போடலாம் என்று அடிக்குறிப்பு.

ஒரு குறிப்பு மாத்திரம் அவரைத் தடுமாற வைக்கும். ஏதாவது ஒரு வீட்டில், பெரும்பாலும் அதிகம் பேசாத ஒரு அக்கா சொல்வார்: "எழுதுங்கோ. அரிசி ஒரு பிடி. தண்ணி. உப்பு."

"பிறகு?"

"பிறகில்லை."

"மேலால என்ன போடுறனீங்கள்?"

"மேலால செல்தான் வந்தது."

2009இல், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் சனம் வரிசையில் நின்று வாங்கிக் குடித்த கஞ்சி அது. ஒவ்வொரு மே மாதமும் 18ஆம் திகதியை ஒட்டி வீதியோரத்தில் கிடாரம் வைத்து அதே மாதிரி, அதே குறைச்சலோடு, காய்ச்சிக் கொடுக்கிறார்கள். 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டச் சம்பூரில் இதைக் காய்ச்சிக் கொடுத்ததற்காகச் சிலரைப் பொலிஸ் கைது செய்தது. மூன்றே பொருள் போட்டு, சமைத்தவரை மறியலுக்கு அனுப்பக்கூடிய சமையற்குறிப்பு வேறொன்று எனக்குத் தெரியாது. உண்மையில் பசியைப் பற்றிய புத்தகத்துக்கு இந்த ஒரு பக்கமே காணும். ஆனால் குறிப்பக்காவுடைய பதிப்பாசிரியர் ரொறன்ரோவிலிருந்து கைபேசியில் கேட்பாராம்: நல்லாயிருக்கு, ஆனால் கொஞ்சம் வெறுமையாயிருக்கு, தேங்காய்ப்பாலும் வெட்டின கொத்தமல்லி இலையும் சேர்க்கலாமா?

குறிப்பக்காவைக் கோபிக்கவும் எனக்கு மனம் வராது. பசிக்கும் சமையற்குறிப்புக்கும் தொடுப்பு உண்டு என்று அவர் மணந்து பிடித்தது சரிதான். நாசிகளின் தெரேசின் முகாமில் பட்டினி கிடந்த யூதப் பெண்கள் தங்கள் வீட்டுப் பலகாரங்களையும் கேக்குகளையும் நினைவிலிருந்து கடதாசியில் எழுதி வைத்தார்கள். அது பிறகு 1996இல் புத்தகமாக வந்தது. செட்டிக்குளம் மெனிக்பாம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், சாப்பாட்டுப் பொதிக்கு வரிசையில் நின்றுகொண்டு என்ன கதைத்தீர்கள் என்று. அரசியல் கதைத்ததாகச் சொன்னால் நம்பாதீர்கள். ஆட்டிறைச்சிக் கறிக்குப் பெருஞ்சீரகம் முன்னுக்கோ பின்னுக்கோ போடுவது என்று சண்டை பிடித்திருப்பார்கள். சட்டியில் ஒன்றும் இல்லாதபோது வாயில் உப்பு, புளி, காரம் எல்லாம் சரியாக இருக்கும். குறிப்பக்கா கொஞ்சம் பொறுத்து, தராசை நிற்பாட்டி வைத்துவிட்டு இருந்து கேட்டால், பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனியில்லாத பிளேன்ரீயை உள்ளங்கைப் பனங்கட்டியோடு எத்தனை மிடறாக்குவது என்பதையும் சொல்லித் தருவார்கள். அதற்குப் படம் எடுக்க முடியாது. பொழுது பட்டால் வெளிச்சமும் போய்விடும்.

புத்தகம் வரும். வழுவழுப்பான தாள், தடித்த அட்டை. முன்னுரையில் கணக்கெல்லாம் பிழையில்லாமல் இருக்கும்: 2019 கணிப்பில் முல்லைத்தீவு மாவட்டத்தில் நூற்றுக்கு 44.5 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே, முழு நாட்டுக்கும் அது 14.3. 2022இல் நாட்டில் ஏறத்தாழ 63 இலட்சம் பேருக்குச் சாப்பாட்டுப் பாதுகாப்பு இல்லை என்று ஐ.நா. நிறுவனங்கள் மதிப்பிட்டன. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். பக்கத்தைப் புரட்டினால் நண்டுக்கறி.

வெளியீட்டு விழா குறிப்பக்காவின் ஊரில் மண்டபம் பிடித்து நடக்கும். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, மூன்று தலைமை உரை. பசியைப் பற்றிப் பேசி முடிய இரவு ஒன்பதரை ஆவதால் சபைக்கும் அது அனுபவமாகவே கிடைக்கும். பிறகு பஃபே. கஞ்சியைச் சின்னக் கண்ணாடிக் கிளாஸ்களில் ஊற்றி, மேலே ஒரு கொத்தமல்லி இலை மிதக்க விட்டுக் கொடுப்பார்கள். 'சோ சிம்பிள்' என்று எல்லோரும் மெச்சுவார்கள்.

மண்டபம், அச்சு, தபால், பஃபே எல்லாம் கழித்து மிச்சம் வந்த காசு, நேர்மையாகவே ஊருக்கு வந்து சேரும். அதில் ஒரு சதமும் குறிப்பக்கா தொடமாட்டார். விமானச் சீட்டும் அவருடைய சொந்தக் காசுதான். பொது நோக்கு மண்டபத்தில் கதிரை போட்டு, பதாகை கட்டி, பெயர் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கி, ஆளுக்கொரு உலர் உணவுப் பொதி. ஆச்சிக்கும் ஒன்று. புத்தகத்தில் படம் வந்தவர் என்றபடியால் அவருக்கு முன்வரிசை.

வீட்டுக்கு வந்து பொதியைப் பிரித்தார் ஆச்சி. அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, தேயிலை. அடியிலே கையை விட்டுத் துழாவி நாலு பைக்கற் சோயாமீற்றை எடுத்து வரிசையாகக் காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, அந்தப் பிள்ளையின்ர நம்பர் இருக்கோ உன்னட்ட? ஒருக்கா எடுத்துக் கேள். இதை இப்ப வெளியில வைக்கலாமோ, இல்லாட்டி இன்னும் ஒளிச்சுத்தான் வைக்கோணுமோ எண்டு."