வயரதிகாரம்: திரிங்காப் உரையுடன்

நூற்பா:
நீளம் தடுக்கும்; பருமன் வழிவிடும்;
விலையொலி காதினுள் விளைவது என்க.

இந்நூற்பா என்னுதலிற்றோ எனின், ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே கிடக்கும் வயர் பாட்டை என்ன செய்கிறது என்பது நுதலிற்று. ஆய்வுக்களம் மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள திரிங்காப். பிரிஞ்சாங்குக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில் உள்ளது. சாலையோரமெல்லாம் பிளாஸ்டிக் கூரைபோட்ட காய்கறிக் கொட்டகைகள், எட்டும் தூரத்தில் சுங்கை பாலாஸ் தேயிலை. ஒலியாய்வுக்கு அமைதி வேண்டாமோ எனின், வேண்டும். இங்கே கிடைப்பது மழை, ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல். அதையும் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும்.

'நீளம் தடுக்கும்' என்றது யாதோ எனின், ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.017 ஓம் தடை தரும். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் கணக்கை இரட்டிக்க. லயத்து வீட்டு முன்னறையில் 5 மீட்டர் தள்ளி ஸ்பீக்கர் வைத்து, 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தால் மொத்தத் தடை 0.115 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் குறையும் ஒலி 0.12 டெசிபெல். வால்யூம் குமிழைத் தூசி தட்டும்போது இதைவிட அதிகம் மாறிவிடும்.

வெள்ளி வயரே மேல் என்று வாதிடுவோர் ஈப்போவிலும் உளர், கோலாலம்பூரிலும் உளர். வெள்ளி செம்பைவிடச் சுமார் 6 சதவீதம் நன்றாகக் கடத்தும், மறுக்கவில்லை. செப்பு வயரையே அந்த அளவு தடிப்பாக வாங்கினால் போயிற்று. இனி, உயர்ந்த ஸ்வரங்கள் கம்பியின் மேல்தோலில் மட்டும் ஓடுமே என்பார்க்கு: 20,000 ஹெர்ட்ஸில்கூட அந்தத் தோல் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் கம்பியின் ஆரமே 0.7 மில்லிமீட்டர்தான். தோல் போக மிச்சம் எவ்வளவு என்று அவர்களே பார்த்துக்கொள்க.

'விலையொலி' என்பதற்கு மேற்கோள் அமெரிக்காவில் உண்டு. 2007-இல் ஜேம்ஸ் ராண்டி என்னும் மாயவித்தைக்காரர், 7,250 டாலர் வயரைச் சாதாரண வயரிலிருந்து காதால் மட்டுமே பிரித்தறிவோருக்குப் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்தார். பேச்சு நீண்டது, சோதனை நடக்கவேயில்லை. பரிசுப்பணமும் கைமாறவில்லை.

அங்ஙனமாயின் வயருக்கு வேலையே இல்லையோ எனின், உண்டு. அதைக் காணத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போக வேண்டும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளிக் கம்பத்தில் கூம்பு ஸ்பீக்கர். அதே 1.5 வயரில் போக வர 2.3 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரை நேராக மாட்டினால் வரவேண்டிய சக்தியில் 60 சதவீதமே போய்ச் சேரும். மீதியில் ஒரு பங்கை வயர் தின்றுவிடும், மற்றது ஆம்ப்ளிஃபையரை விட்டுக் கிளம்பவே கிளம்பாது. விவரம் தெரிந்த மைக்செட்காரர் இதற்காகத்தான் 100 வோல்ட் லைன் போடுகிறார். 100 வாட்டுக்கு 8 ஓமில் மூன்றரை ஆம்பியர் ஓடவேண்டிய இடத்தில் இங்கே ஒரு ஆம்பியர் போதும். கம்பத்திலுள்ள சிறு டிரான்ஸ்ஃபார்மர் அதை மீண்டும் ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றித்தரும். இழப்பு 5 சதவீதத்துக்குள். ஆயிரக்கணக்கில் கொட்டி இரண்டு மீட்டர் வயர் வாங்குகிறவர், இவரிடம் ஒருநாள் கையாளாக இருந்து பார்க்கலாம்.

புறனடையாக ஒன்று. வீட்டில் பாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் வயரின் இனமன்று, அதன் நுனி. இந்த மலையின் ஈரத்தில் செம்பு பச்சை பூக்கும், முறுக்கிச் செருகிய இணைப்பு தளரும். இதனினும் கொடியது சிவப்பும் கறுப்பும் இடம் மாறுவது. இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு மட்டும் மாற்றி மாட்டினால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். தவில் வற்றிப்போகும், பாடகர் நடுவில் நில்லாமல் அறையெங்கும் அலைவார். விலையுயர்ந்த வயரிலும் இது நிகழும்.

ஆகவே கடைக்குக் கிளம்புமுன் செட்டை அணைத்துவிட்டு, ஸ்பீக்கரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பச்சை பூத்த நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, சிவப்பைச் சிவப்பில் மாட்டுங்கள். செலவு, ஒரு பிளேடு.